உண்பவர் குறிப்பறிதல்: ஆற்றுப்படை முதல் ‘சோற்றுக் கணக்கு’ வரை பரிமாறுதலின் அறம்

ஆய்வுச் சுருக்கம்

உண்ண அமர்ந்தவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவருடைய விருப்பத்தை அறிந்து பரிமாறுதல் இன்றைய உணவகத் தொழிலில் ஒரு திறனாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. தமிழ் ஆய்வுலகில் இது விருந்தோம்பல் மரபின் தொடர்ச்சி எனப் பொதுப்படப் பாராட்டப்படுகிறது. அப்பாராட்டு போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். திருக்குறள், பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை, புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ஜெயமோகனின் ‘சோற்றுக் கணக்கு’ ஆகியன இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உண்பவரின் தகுதியை அறிதல், சுவையை அறிதல், நாணத்தை அறிதல் என மூன்று நிலைகள் இவற்றில் இருப்பதும், மூன்றாவதே பரிமாறுதலை அறமாக உயர்த்துவதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குறிப்பறிதல், விருந்தோம்பல், பரிமாறுதல், உணவகம், நாணம், ஆற்றுப்படை, சோற்றுக் கணக்கு

முன்னுரை

விருந்தோம்பல் குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுரைகள் பலவும் ஒரே தடத்தில் செல்கின்றன. சங்கப் பாடல்களிலிருந்து சில சான்றுகள், திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம், காப்பியங்களிலிருந்து ஓரிரு காட்சிகள் ஆகியவற்றைத் தொகுத்து, தமிழர் தொன்றுதொட்டு விருந்தைப் போற்றினர் என்று அவை முடிகின்றன. தொகுப்பு என்ற அளவில் இவற்றிற்குப் பயன் உண்டு. ஆனால் அச்சான்றுகளில் பரிமாறியவர் யார், உண்டவர் யார், இருவருக்கும் இடையிலிருந்த உயர்வுதாழ்வு எத்தகையது, உண்டவரின் எந்தக் குறிப்பைப் பரிமாறியவர் அறிந்தார் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. அரசன் பாணனுக்கு ஊட்டியதும் ஆய்ச்சி வழிப்போக்கர்க்கு அரிசி அளித்ததும் உணவக உரிமையாளர் ஏழை மாணவனுக்குச் சோறிட்டதும் ஒரே பண்பின் வெளிப்பாடுகளாகக் கொள்ளப்படுகின்றன.

இவ்வாறு கொள்வதால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, இலக்கியங்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வேறுபாடுகள் மறைகின்றன. இரண்டாவது, பரிமாறுதலைக் கூலிக்குச் செய்யும் பணியாளர் இவ்வுரையாடலுக்கு வெளியே நின்றுவிடுகிறார். விலை பெற்றுச் செய்வது வணிகம், விலையின்றிச் செய்வது விருந்தோம்பல் என்ற எளிய பாகுபாடு அவரை வெளியே நிறுத்துகிறது. அப்பாகுபாடு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலை என்னும் பனுவல்

தமிழ்நாட்டுப் பந்தியிலும் உணவகத்திலும் உண்பவர் பேசாமலே பலவற்றைப் பேசுகிறார். இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டினால் போதும் என்று பொருள். சோற்றின் நடுவே குழி அமைத்தால் குழம்பு ஊற்றலாம் என்று பொருள். இலையைத் தன்பக்கம் மடித்தால் உண்டு முடிந்தது என்று பொருள். ஒரு கறியை இலையின் ஓரத்திற்கு ஒதுக்குவதும், இன்னொன்றை முதலில் உண்டு தீர்ப்பதும் சொல்லப்படாத விருப்பு வெறுப்புகள். வாளியும் கரண்டியுமாக வரிசையில் வருபவர் இவற்றைக் கணப்பொழுதில் படித்துவிட்டு அடுத்த இலைக்குச் செல்கிறார். திருமண வீடுகளில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வரிசை நெடுக நடந்து ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்கும் வழக்கத்திற்குப் பந்தி விசாரித்தல் என்று பெயர். பரிமாறும் பணியை மற்றவரிடம் ஒப்படைத்தாலும் குறிப்பறியும் பொறுப்பை வீட்டார் தம்மிடமே வைத்துக்கொள்வதை இவ்வழக்கம் காட்டுகிறது.

உணவகத்தில் இப்பொறுப்பும் பணியாளரிடமே வந்துவிடுகிறது. நாள்தோறும் வருபவருக்குச் சர்க்கரை குறைத்துக் காபி கொண்டுவருதல், குழந்தையுடன் வந்த குடும்பத்திற்குக் காரமில்லாத பண்டத்தை முதலில் வைத்தல், அவசரமாக அமர்ந்தவருக்கு உடனே கிடைப்பதை முன்மொழிதல் ஆகியவை சப்ளையரின் அன்றாட அறிவு. இவ்வறிவு நூலில் எழுதப்படாதது. கண்ணாலும் நினைவாலும் ஈட்டப்படுவது. பெரிய விடுதிகள் இன்று விருந்தினர் விருப்பங்களைக் கணினியில் பதிந்து வைப்பதன்மூலம் பணியாளரின் நினைவை நிறுவனத்தின் உடைமையாக்குகின்றன. இங்கு அறியப்படுவது மீண்டும் வரக்கூடிய, பணம் செலுத்தக்கூடிய ஒருவரின் சுவை. அதனை அறிவதில் தவறில்லை. ஆனால் அது மட்டுமே குறிப்பறிதலா என்ற வினா எஞ்சுகிறது. அவ்வினாவிற்குத் திருக்குறளின் அதிகார வைப்பு முறை எதிர்பாராத வெளிச்சம் தருகிறது.

திருக்குறளில் குறிப்பறிதலின் இடம்

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். மற்றொன்று காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். முன்னது மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்திற்குப் பின்னும் அவையறிதல் என்னும் அதிகாரத்திற்கு முன்னும் நிற்கிறது. அரசனின் உள்ளக்கருத்தை அமைச்சன் அறிதலாகவே பரிமேலழகர் இதனை விளக்குகிறார். கூறாமலே அறிபவன் உலகிற்கு அணியாவான் என்றும், அடுத்திருப்பதைக் காட்டும் பளிங்குபோல் முகம் நெஞ்சத்தைக் காட்டும் என்றும் அவ்வதிகாரம் பேசுகிறது. பின்னது தலைமகன் தலைமகளின் பார்வையைப் படிப்பது பற்றியது. ஆக, ஒருவரின் முகத்தைப் படித்து உள்ளத்தை அறிவதை வள்ளுவர் அதிகாரத்தின் அருகிலும் காதலின் அருகிலும் வைத்திருக்கிறார்.

இல்லறவியலில் அமைந்த விருந்தோம்பல் அதிகாரத்தில் குறிப்பறிதல் இல்லையா எனின், உண்டு. ஆனால் திசை மாறியிருக்கிறது. மோந்தால் குழையும் அனிச்சத்தைக் கூறி, விருந்தினர் முகம் மாறி நோக்கிய அளவிலேயே வாடிவிடுவர் என்று அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் முடிகிறது. இங்கே முகத்தைப் படிப்பவர் விருந்தினர், படிக்கப்படுபவர் இல்லத்தார். விருந்தினர்க்கு என்ன பிடிக்கும் என்பது பற்றி அதிகாரம் முழுவதிலும் ஒரு சொல்லும் இல்லை. என்ன பண்டம், எத்தனை கறி என்ற பேச்சே இல்லை. சாவா மருந்தாயினும் விருந்தினர் புறத்திருக்கத் தனியே உண்ணலாகாது என்ற இடத்தில்கூட உணவின் சுவை ஒரு பொருட்டாகக் கருதப்படவில்லை. சொல்லாமல் அறியப்பட வேண்டியது விருந்தினரின் சுவையன்று. வந்த இடத்தில் தாம் வேண்டப்படுகிறோமா என்ற அவருடைய அச்சமே. அவ்வச்சத்தை அவர் வாயால் சொல்லமாட்டார்.

ஈகை அதிகாரம் இதனை மேலும் ஓரடி எடுத்துச் செல்கிறது. இல்லாமையின் துன்பத்தை உரையாமல் கொடுத்தல் குடிப்பிறந்தார் இயல்பு என்னும் கருத்தமைந்த குறளுக்கு உரைகாரர்கள் பலவாறு பொருள் கண்டுள்ளனர். இரப்பவன் தன் வறுமையைச் சொல்வதற்கு முன்பே கொடுத்தல் என்பது அப்பொருள்களுள் ஒன்று. இவ்வுரையை ஏற்றுக்கொண்டால், கேட்குமுன் கொடுப்பதன் சிறப்பு விரைவில் இல்லை. கேட்கும் இழிவிலிருந்து ஒருவரைக் காப்பதில் இருக்கிறது. உணவகப் பயிற்சியில் கேட்குமுன் அளித்தல் என்பது வசதி. குறள்வழி அது மானத்தைக் காத்தல். சொல் ஒன்றே, அறம் வேறு.

ஆற்றுப்படையில் ஊட்டும் அரசர்கள்

பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்களில் புரவலன் தானே அருகிருந்து உண்பிக்கும் காட்சிகள் இடம்பெறுகின்றன. அவற்றை ஒரே வாய்பாடாகக் கருதும் போக்கு உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு குறிப்பை அறிந்த காட்சி என்பதை நெருங்கிப் படித்தால் உணரலாம்.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனைத் தன் கண்பார்வையிலேயே இருத்திக்கொள்கிறான். ஈரும் பேனும் குடியிருந்த, வியர்வையில் நனைந்த கந்தலை நீக்கி, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய ஆடையை உடுத்தச் செய்கிறான். பின்னர் கள்ளும் ஊனும் வருகின்றன. அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் இறைச்சி, இரும்புக் கம்பியில் சுட்ட கொழுத்த துண்டுகள் என உணவு நீள்கிறது. சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி உண்டதைப் பொருநனே சொல்கிறான். இறைச்சி உண்பது வெறுத்துப்போனபோது சுவையான வேறு பல வடிவப் பண்டங்களைத் தந்து அரசன் உண்ணச் செய்தான் என்பது இங்கே குறிக்கத்தக்கது. தெவிட்டுதலை அறிந்து உணவை மாற்றியமைத்தல், இன்றைய உணவகத்தார் மிக உயர்வாகக் கருதும் திறன். கரிகாலனின் பந்தியில் அது இருக்கிறது.

ஆனால் அதே நூலின் அடுத்த பகுதி இத்திறனின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. இரவும் பகலும் ஊன் தின்று, புன்செய் உழுத கொழுவைப்போல் பல் தேய்ந்தபின் பொருநன் ஊருக்குத் திரும்ப விரும்புகிறான். அவ்விருப்பத்தை அவனால் மெல்லத்தான் சொல்ல முடிகிறது. எம்மைப் பிரிகிறீரோ என்று அரசன் சினந்தவன்போல் நோக்குகிறான். பிறகு பரிசில் அளித்து, தேரேற்றி, ஏழடி பின்னே நடந்து வழியனுப்புகிறான். நாவின் குறிப்பை விரைந்து அறிந்த அரசனிடம், வீடு திரும்பும் விருப்பத்தைப் பொருநனே தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருந்து இங்கு அன்பாகவும் இருக்கிறது, அன்பின் பிடியாகவும் இருக்கிறது. இதனைக் குறையாகக் கூறுவதைவிட, கொடுப்பவர் வலியவராக இருக்கும்போது குறிப்பறிதல் எங்கே நின்றுவிடும் என்பதற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தும்.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை வேறு வழியில் செல்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவு படைத்து, பாணர் விரும்புவனவற்றை அறிந்து போற்றி, தான் நின்று ஊட்டுகிறான். வீமனின் மடைநூல் நெறி தவறாத அடிசில் அது. பெரும்பாலான ஆய்வுரைகள் இக்காட்சியோடு நின்றுவிடுகின்றன. இதற்கு முன்னே அதே நூலில் மற்றொரு சமையல் இடம்பெறுகிறது. பசியால் இளைத்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

இவ்விரு காட்சிகளையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும்போதுதான் நூலின் அமைப்பு விளங்குகிறது. வறியவரின் கதவு நாணத்தால் அடைபடுகிறது. வள்ளலின் வாயிலோ பொருநர்க்கும் புலவர்க்கும் அடைக்கப்படாதது என்று நூல் சொல்கிறது. உப்பில்லாத கீரைக்கு எதிர்நிலையாக வீமனின் மடைநூல் அடிசில் நிற்பதுபோல், அடைத்த கதவிற்கு எதிர்நிலையாகத் திறந்த வாயில் நிற்கிறது. முதல் எதிர்நிலை பசியைப் பற்றியது; இரண்டாவது நாணத்தைப் பற்றியது. உண்ணும்போது பார்க்கப்படுவதே துன்பமாக இருந்த ஒருவரை, பார்க்கப்படுவது இன்பமாக இருக்கும் இடத்திற்கு ஆற்றுப்படுத்துவதே இந்நூலின் செயல் எனலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையன், விண்மீன்கள் பூத்தாற்போன்ற வெள்ளிய கலங்களைப் பரப்பி, வந்தவர்களைத் தன் மக்களைப்போல் நோக்கி முகமலர்ச்சியோடு ஊட்டுகிறான். விருந்தினரை மக்களாகக் காணும் இப்பார்வை மேலே கண்ட இரண்டிலிருந்தும் வேறுபட்டது. தாய் குழந்தையின் பசியை அறிய அதன் சொல்லை எதிர்பார்ப்பதில்லை. அது போதும் என்று சொல்வதையும் அப்படியே நம்புவதில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் உணவகக் கதையொன்றில் இப்பார்வை மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காணலாம்.

மாதரியின் கலங்கள்

புரவலன் அல்லாத ஒருவர் விருந்தினரின் குறிப்பை அறியும் அரிய காட்சி சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் உள்ளது. கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்த கண்ணகியையும் கோவலனையும் ஆய்ச்சி மாதரி தன் மனைப்பகுதியில் தங்க வைக்கிறாள். கோவலன் சமண இல்லற நோன்பினன் என்பதையும், அந்நோன்பினர் பகற்பொழுதிலேயே உண்பர் என்பதையும் அவள் நினைவில் கொள்கிறாள். சமைப்பதற்கேற்ற நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாது கொடுங்கள் என்கிறாள். காய்களும் கனிகளும் சாலி அரிசியும் பால்படு பொருளும் வருகின்றன. சமைப்பவள் கண்ணகி. அவளுக்கு உதவியாக நிற்பவள் மாதரியின் மகள் ஐயை.

மாதரியின் செயலில் மூன்று நுட்பங்கள் உள்ளன. சமைத்த உணவை அவள் கொண்டுவரவில்லை. தன் கையால் சமைத்ததை நோன்பினன் ஏற்பானா என்ற கேள்விக்கே இடமில்லாமல் கலங்களையும் பொருள்களையும் மட்டும் தருகிறாள். விரைவை வற்புறுத்துகிறாள், நோன்பினனுக்கு வேளை முக்கியம் என்பது அவ்விரைவின் காரணம். சமைக்கும் இடத்தைக் கண்ணகிக்கு விட்டுக்கொடுக்கிறாள். வீட்டையும் செல்வத்தையும் இழந்து வந்த பெண்ணுக்கு இல்லாளாக இருக்கும் வாய்ப்பை ஒரு வேளைக்காவது மீட்டுத் தருகிறாள். விருந்தெதிர் கொள்ளும் பேற்றைத் தான் இழந்தது பற்றிக் கண்ணகி அக்காதையிலேயே பேசுவதைக் கருதினால் மூன்றாவது நுட்பத்தின் கனம் புலப்படும். விருந்தினர்க்குச் செய்யாமல் விடுவதும் குறிப்பறிதலே என்பதை மாதரி காட்டுகிறாள். அது கோவலன் உண்ட கடைசி உணவு என்பதைப் படிப்பவர் அறிவர், மாதரி அறியாள். நன்றி, புகழ், மறுவருகை ஆகிய எதுவும் அவளுக்குக் கிடைப்பதில்லை.

கல்லாவின் குறிப்பறிதல்

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ தமிழ்ச் சிறுகதையில் உணவகத்தைக் களமாக்கிய குறிப்பிடத்தக்க படைப்புகளுள் ஒன்று. சென்னைத் தெருவில் சந்தித்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை காபி அருந்த அழைத்துச் செல்கிறார். யார் பணம் கொடுப்பது என்ற கணக்கு அவர் உள்ளத்தில் ஓடுகிறது. காபியின் சுவையைத் தம் படைப்பின் திறமாகக் கடவுள் மகிழும்போது, அது சிக்கரி கலந்த ஓட்டல்காரரின் திறம் என்று பிள்ளை திருத்துகிறார். கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்டியதும் கல்லாவில் இருப்பவருக்கு ஐயம் எழுகிறது. சில்லறை மாற்றுவதற்காகவே இவர்கள் காபி அருந்தியிருக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டுகிறார்.

இதுவும் ஒரு குறிப்பறிதலே. உண்டவரின் சொல்லாத நோக்கத்தைக் கல்லாக்காரர் படிக்கிறார்; தவறாகப் படிக்கிறார். உணவளிப்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் ஐயுறும் இடமாக நகரத்து ஓட்டல் அமைந்துவிட்டது. பிள்ளை காபியை ஐயுறுகிறார். கல்லாக்காரர் நோட்டை ஐயுறுகிறார். எதிரில் இருப்பவர் கடவுள் என்பது எவருக்கும் பொருட்டன்று. விருந்தினரைத் தெய்வமாகப் போற்ற வேண்டும் என்னும் பழைய வாக்கை, தெய்வத்தையே வாடிக்கையாளராக்கி இக்கதை சோதித்துப் பார்க்கிறது. ஆயினும் பழைய விருந்தோம்பல் அழிந்தது என்று இக்கதை புலம்பவில்லை. கூலியும் விலையும் வந்தபின் முகத்தைப் படிக்கும் கலை எப்படித் திரிகிறது என்பதை நகைப்போடு காட்டுகிறது.

கெத்தேல் சாகிப்பின் கை

ஜெயமோகனின் ‘சோற்றுக் கணக்கு’ 2011இல் வெளிவந்த ‘அறம்’ தொகுப்பில் இடம்பெற்ற கதை. திருவனந்தபுரத்தில் உணவகம் நடத்தும் கெத்தேல் சாகிப் எவரிடமும் விலை கேட்பதில்லை. வைக்கப்பட்டிருக்கும் பெட்டியில் இயன்றவர் இயன்றதைப் போடலாம், போடாமலும் செல்லலாம். ஊரிலிருந்து படிக்க வந்து, மாமன் வீட்டில் மாமி அளந்து போடும் சோற்றில் வாழ்ந்து நொந்த மாணவன் அங்கு வருகிறான். சாகிப் தம் கையால் பரிமாறுகிறார். போதும் என்பவரைக் கடிந்து மேலும் போடுகிறார்.

நற்சேவை என்று இன்று வகுக்கப்படும் எந்த இலக்கணத்திற்குள்ளும் கெத்தேல் சாகிப் அடங்கமாட்டார். அவர் புன்னகைப்பதில்லை; இன்சொல் பேசுவதில்லை; உண்பவரின் வேண்டாம் என்ற சொல்லை மதிப்பதில்லை. இனிய முகத்தை வற்புறுத்தும் குறளின் அளவுகோலால் பார்த்தாலும் அவர் பொருந்தாதவராகவே தோன்றுவார். ஆயினும் வாசகர் அவரிடம் காண்பது தாய்மையை. இம்முரணை விளக்குவது திறனாய்வின் கடமையாகும்.

விளக்கம் நாணத்தில் இருக்கிறது. பணமில்லாமல் உண்ண வந்தவன் போதும் என்று சொல்வது வயிறு நிறைந்ததால் அன்று, கேட்க நாணுவதால். அவனுடைய சொல்லை மதிப்பது அவனுடைய நாணத்திற்கு அவனையே பலியிடுவதாகும். இன்சொல்லோடு வற்புறுத்தினாலோ, அது இரக்கமாக மாறி அவனை மேலும் கூசச்செய்யும். கடுமை இவ்விரண்டிலிருந்தும் அவனைக் காக்கிறது. ஏழைக்கும் பணம் உள்ளவனுக்கும் ஒரே கடுமை என்பதால் எவருடைய வறுமையும் வெளித்தெரிவதில்லை. பெட்டியும் இதே பணியைச் செய்கிறது. யார் எவ்வளவு போட்டார் என்று பார்ப்பவர் இல்லாததால் போடாதவன் என்று ஒருவன் அடையாளப்படுவதில்லை. சிறுபாணாற்றுப்படைக் கிணைமகள் கதவை அடைத்துப் பெற்ற மறைவைச் சாகிப் திறந்த கூடத்திலேயே அளிக்கிறார். மக்களாகக் காணும் பெரும்பாணாற்றுப்படைப் பார்வை, அரசனிடமிருந்து ஓர் உணவகக்காரரின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தனக்கு வருவாய் வந்தபின் அம்மாணவன் சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து பெட்டியில் போடுகிறான். சாகிப்பிடம் எந்த மாற்றமும் இல்லை. வழக்கம்போலவே சோறு விழுகிறது. கரிகாலனின் பொருநன் பெற்ற சிறப்புக்கு நேர் எதிரானது இது. யார் எனப் பாராமல் பசியை மட்டும் பார்ப்பதால், கொடுப்பவருக்கும் கொள்பவருக்கும் இடையே கடன் என்ற ஒன்றே உருவாகாமல் போகிறது. மறுமுறை வருபவரின் சுவையைப் பதிந்துவைக்கும் இன்றைய முறை நினைவால் இயங்குகிறது. சாகிப்பின் அறமோ மறதியால் இயங்குகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாசிப்புக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். உண்பவரின் சொல்லை மீறிப் பரிமாறுவது அவருடைய தன்னுரிமையை மறுப்பதாகாதா என்பது முதலாவது. நோயாளிக்கும் நோன்பிருப்பவருக்கும் இம்மீறல் தீங்காகும் என்பதில் ஐயமில்லை. மாதரியின் காட்சி இங்கே தேவைப்படுகிறது. நோன்பினனிடம் விலகி நிற்பதும் நாணுபவனிடம் நெருங்கி வற்புறுத்துவதும் முரண்பட்ட செயல்கள்போல் தோன்றினும், சொல்லுக்குப் பின்னாலிருப்பதைப் படித்தல் என்ற ஒரே அறிவின் இரு பயன்கள் அவை. எது நோன்பு, எது நாணம் என்று பிரித்தறிய முடியாதவர் வற்புறுத்தாதிருப்பதே நன்று.

சாகிப் உரிமையாளர்; தம் பொருளைத் தாம் விரும்பியபடி வழங்கலாம்; கூலிக்குப் பரிமாறுபவரால் அது இயலுமா என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது. ஆற்றுப்படை அரசர்களும் சாகிப்பும் தம்முடையதைக் கொடுத்தவர்கள். சப்ளையர் கொடுப்பது பிறருடையது; அளவு கல்லாவால் வரையறுக்கப்பட்டது. கதையின் மாமியும் ஏறத்தாழ இந்நிலையில்தான் இருக்கிறாள். வருவாய் குறைந்த வீட்டில் பல வாய்களுக்குப் பங்கிடும் பொறுப்பு அவளுடையது. அவளுடைய கணக்கைக் கொடுமையாக மட்டும் படிப்பது கதையின் முடிவைக் கவனிக்காததாகும். அம்மாமியின் மகளையே மணக்க மாணவன் முடிவெடுக்கிறான். அளந்து போட்ட கையும் தனக்குச் சோறிட்ட கையே என்பதை, அளவின்றிப் போட்ட கையிடமிருந்து அவன் கற்றிருக்கிறான். இல்லாமைக்குள் நின்று பரிமாறுபவரின் நிலையைக் கதை இவ்வாறு ஏற்றுக்கொள்கிறது.

ஆயினும் கூலிக்குப் பரிமாறுபவரின் பக்கத்திலிருந்து உணவகத்தைக் காணும் பார்வை தமிழ்த் திறனாய்வில் அரிதாகவே உள்ளது. கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் 1964இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படம் பணியாளரின் தொழிற்பெயரையே தலைப்பாக்கிக்கொண்டது. நாகேஷ் ஏற்ற அப்பாத்திரம் ஒரு பெண்ணின் நட்பைக் காதலாகப் பிழைபட உணர்கிறது. பிறர் குறிப்பை அறிவதையே தொழிலாகக் கொண்டவன் தனக்கான குறிப்பைத் தவறாகப் படித்துவிடுகிறான். நாள் முழுதும் எல்லோரையும் பார்ப்பவனை எவரும் பார்ப்பதில்லை என்னும் துயரம் அதில் உண்டு. உண்பவர்களின் பசியறியும் ஒருவர் தம் பசியை எப்போது ஆற்றுகிறார், அதை யார் அறிகிறார் என்ற வினா விருந்தோம்பல் ஆய்வுகளின் எல்லைக்குள் வந்தாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு அமைகின்றன. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் விருந்தினரின் சுவையைப் பேசவில்லை. அவருடைய வாட்டத்தைப் பேசுகிறது. ஆற்றுப்படைகளில் புரவலர் சுவையை அறிந்து பரிமாறுகின்றனர். எனினும் சிறுபாணாற்றுப்படையின் அடைத்த கதவே அந்நூலின் விருந்திற்கு ஆழம் தருகிறது. மாதரியிடம் குறிப்பறிதல் விலகி நிற்றலாகிறது. புதுமைப்பித்தனிடம் அது ஐயமாகத் திரிகிறது. ஜெயமோகனிடம் கடுமையின் வடிவில் நாணத்தைக் காக்கிறது. ஆகவே விருந்தோம்பல் என்பது மாறாமல் தொடரும் ஒற்றைப் பண்பு என்னும் முடிவு திருத்தம் பெற வேண்டியதாகும்.

விலை பெறுவதா இல்லையா என்பது பரிமாறுதலின் அறத்தைத் தீர்மானிக்கவில்லை. அரசனின் பொற்கலத்திலும் பிடி இருக்கலாம்; உணவகத்தின் தகரக் கரண்டியிலும் விடுதலை இருக்கலாம். எதை அறிவதற்காக முகத்தைப் பார்க்கிறோம் என்பதே வேறுபாட்டைத் தருகிறது. ஒருவரின் சுவையை அறிந்தால் அவர் மீண்டும் வருவார். ஒருவரின் நாணத்தை அறிந்தால் அவர் தலைநிமிர்ந்து எழுந்து செல்வார். நாள்தோறும் மேசைகளுக்கு இடையே நடப்பவர்களுள் பலர் இரண்டாவதையும் அறிந்தவர்கள். கேட்கத் தயங்கும் ஒருவரின் இலையில், எவரும் பாராதபோது இன்னொரு கரண்டி சோறு விழுவது அவ்வறிவால்தான். அதனை இலக்கியத்தின் துணைகொண்டு அடையாளம் காண்பது விருந்தோம்பல் ஆய்வின் அடுத்த பணியாகும்.